பாட்டியின் மோதிரத்தில் இருப்பது இயற்கை மாணிக்கமா?

கேள்வி: பாட்டியிடமிருந்து எனக்கு வந்த மோதிரத்தில் ஏறத்தாழ மூன்று காரட் சிவப்புக் கல் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்த ஒரு தரகர், கண்ணாடித் துண்டில் கீறிக் காட்டி, "எண்பது வருஷத்துக்கு முந்தின நகையில் செயற்கைக் கல் எப்படி வரும்? இது அசல் மாணிக்கம்" என்றார். இன்னொருவர் பார்த்தவுடனேயே "சிந்தெடிக்" என்று சொல்லிவிட்டு, தங்கத்துக்கு மட்டும் விலை போட்டு மோதிரத்தை அப்படியே எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். யாரை நம்புவது? வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: இருவரையும் நம்ப வேண்டாம். முதலாமவர் சொன்ன இரண்டு காரணங்களும் தவறானவை. இரண்டாமவர் காரணம் எதையும் சொல்லவே இல்லை. அதோடு, கல்லை மதிப்பற்றது என்று தீர்ப்புச் சொல்பவரே அதை வாங்கவும் வந்து நிற்கிறார். கல்லின் தரத்தைச் சொல்பவரும் அதை வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில் உங்கள் மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்காதீர்கள்.

பழமையைப் பற்றிய நம்பிக்கையை முதலில் விட்டுவிடுங்கள். அலுமினா என்ற அலுமினிய ஆக்சைடுத் தூளை ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து எரியும் சுடரின் வழியே விழச் செய்து, உருகி விழுவதைத் துளித்துளியாக உறையவைத்துச் சில மணி நேரத்தில் மாணிக்கம் வளர்க்கும் முறையை, ஆகஸ்ட் வெர்னோய் என்ற பிரெஞ்சு வேதியியலர் 1902-இல் வெளியிட்டார். உங்கள் பாட்டியின் மோதிரம் செய்யப்பட்டபோது அந்தக் கற்கள் விற்பனைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் காலத்து நகைகளில் அவற்றை நான் அடிக்கடி பார்க்கிறேன். வாங்கியவர்களுக்கு அது தெரிந்திருந்ததா என்பது வேறு விஷயம்.

கண்ணாடியைக் கீறிக் காட்டுவது அதைவிட மோசமான ஏமாற்று. செயற்கை மாணிக்கம் கண்ணாடியால் செய்த போலி அல்ல. அதுவும் குருந்தம்தான், பூமிக்குள் விளைந்த மாணிக்கத்தின் அதே பொருள்தான். இரண்டின் கடினத்தன்மையும் பத்துக்கு 9, இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் ஏறத்தாழ 1.76, இரண்டின் ஒப்படர்த்தியும் (நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) 4. இரண்டுக்கும் சிவப்பைத் தருவது அதே குரோமியம். ஆகவே கீறிப் பார்ப்பது, எடை போட்டுப் பார்ப்பது, வாயால் ஊதி ஆவி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பது, முனையைத் தொட்டதும் விளக்கு எரியும் சோதனைக் கருவியை வைப்பது ஆகிய எதுவும் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. புற ஊதா டார்ச்சை அடித்து, "பாருங்கள், தணல்போல் ஒளிர்கிறது" என்பார்கள். செயற்கைக் கல்தான் பெரும்பாலும் அப்படிப் பளிச்சென்று ஒளிரும்.

வீட்டில் பிரித்துக் காட்டக்கூடியது கல்லின் உள்ளே இருக்கும் வளர்ச்சித் தடயம் மட்டுமே. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கல்லின் பின்பக்கம் உலோகத்தால் மூடப்படாமல் இருந்தால், மோதிரத்தை வெள்ளைத் தாளின் மேல் பிடித்து, அந்தத் தாளில் பட்டுத் திரும்பும் மெல்லிய வெளிச்சத்தில், கல்லின் முகப்பு வழியாக மட்டுமன்றிப் பக்கவாட்டிலிருந்தும் மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். பழைய இசைத்தட்டின் வரிகளைப் போல மெல்லிய வளைகோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தால், அது சுடரில் வளர்ந்த செயற்கைக் கல். அதற்குமேல் விவாதமே இல்லை. உருண்டையாகவோ தலைப்பிரட்டையைப் போல வால் நீண்டோ காற்றுக் குமிழிகள் தெரிந்தாலும் அது செயற்கைக் கல் என்றே சந்தேகிக்க வேண்டும். இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் வளையாது. நேராகச் சென்று கோணத்தில் திரும்பும். சில கற்களில் பட்டு நூலைப் போன்ற நுண்ணிய ஊசிகள் மூன்று திசைகளில் ஒன்றையொன்று வெட்டிக் கிடக்கும். அதைக் கண்டால் மகிழ்ச்சி அடையலாம். எதுவுமே தெரியாமல் நீர்போலத் தெளிவாக இருந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். மூன்று காரட்டில் மாசே இல்லாத சிவப்புக் கல் என்றால் முதலில் சந்தேகம்தான் வர வேண்டும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஏமாந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். வெடிப்புகள் நிறைந்து, நகைக்கே உதவாத தரத்தில் இருக்கும் இயற்கைக் குருந்தத்தை எடுத்து, அதன் வெடிப்புகளில் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி நிரப்பிவிடுகிறார்கள். 2004-ஐ ஒட்டி இவை சந்தையில் பரவத் தொடங்கின. லென்ஸில் பார்த்தால் அதில் நேர்க்கோடும் தெரியும், இயற்கை மாசும் தெரியும். ஆனால் கல்லைச் சற்றே திருப்பும்போது வெடிப்பின் தளத்தில் நீல நிறம் மின்னி மறையும். அதற்குள்ளேயே தட்டையான குமிழிகள் சிக்கியிருக்கும். இதைச் செயற்கை என்று சொல்ல முடியாது. இயற்கை என்று விற்பதற்கும் மனசாட்சி இடம் தரக்கூடாது. வீட்டிலுள்ள சாதாரண அமிலம் பட்டாலே இந்தக் கண்ணாடி அரிக்கப்பட்டு, வெள்ளைக் கீற்றுகள் வெளியே வந்துவிடும். நகையைப் பழுதுபார்ப்பவர் ஊதுசுடரைக் காட்டினால் கல் கெட்டே போகும். பாட்டியின் மோதிரத்துக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். கடந்த இருபது ஆண்டுகளில் அந்த மோதிரம் எங்காவது பழுதுபார்க்கப் போயிருந்தால், போன கல்தான் திரும்பி வந்தது என்பதற்கு என்ன உறுதி?

சான்றிதழ் இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். பிளாஸ்டிக் அட்டையில் கல்லின் படத்தை அச்சிட்டு "அசல்" என்று போட்டுக் கொடுக்க யாராலும் முடிகிறது. முறையான ஆய்வகங்களின் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. இப்படிக் கண்ணாடி நிரப்பிய கல்லுக்குக்கூட "இயற்கைக் குருந்தம்" என்று முன்னால் பெரிதாக அச்சிட்டுவிட்டு, நிரப்பப்பட்ட விஷயத்தை ஒரு குறியீட்டு எழுத்தாகக் கீழே பொடி எழுத்தில் ஒதுக்கிய அறிக்கைகளைக் கையில் பிடித்திருக்கிறேன். அந்த எழுத்துக்கு என்ன பொருள் என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? தெளிவாக ஒரு வாக்கியம் எழுதுவதற்கு என்ன தடை என்று பலமுறை கேட்டும், உருப்படியான பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

எனவே நகை வாங்கவோ விற்கவோ செய்யாத ஓர் ஆய்வகத்துக்கு நீங்களே நேரில் போங்கள். தரகர் வழியாக அனுப்பாதீர்கள். போவதற்கு முன் மோதிரத்தை எடை போட்டு, கல்லை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் நெருக்கமாகப் படம் எடுத்து, உள்ளே தெரியும் ஏதேனும் ஒரு மாசு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவது அதே கல்தானா என்பதை அந்த மாசு சொல்லிவிடும். இது என்ன கல், இயற்கையில் விளைந்ததா வளர்க்கப்பட்டதா, வெப்பமோ நிரப்பலோ ஏதேனும் செய்யப்பட்டிருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் குறியீடு இல்லாமல் முழு வாக்கியத்தில் பதில் கேளுங்கள். முதல் கேள்வியைத் தவிர்க்காதீர்கள்: பிரிட்டிஷ் அரசகுலக் கிரீடத்தின் முகப்பில் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்ற பெயரோடு இருப்பது இயற்கைக் கல்தான், ஆனால் மாணிக்கம் அல்ல, ஸ்பினெல் என்ற வேறொரு சிவப்புக் கல். கல்லை மோதிரத்திலிருந்து கழற்ற வேண்டும் என்று ஆய்வகம் சொன்னால், அதை உங்கள் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள். அறிக்கை கைக்கு வரும்வரை அந்த இரண்டாவது தரகருக்கு எந்தப் பதிலும் சொல்ல வேண்டியதில்லை.