கேனொட் ஒரு சொல், டூ நொட் இரண்டு சொல்: கேள்வி பதில்

திருகோணமலையில் ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கிறேன். ‘நொட்’ வரும் வினைகளைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

கேள்வி (உப்புவெளி அக்கா): மகள் ‘கேன் நொட்’ என்று பிரித்து எழுதினாள், மிஸ் வெட்டிவிட்டார். பிழையா, சேர்?

பதில்: மிஸ் வெட்டியது சரிதான் அக்கா. ‘கேனொட்’ ஒரே சொல், நடுவில் ‘என்’ (n) எழுத்து இரண்டு. சேர்த்து எழுதத் தெரிந்த பிள்ளைகளே ஒரு ‘என்’னை விட்டுவிடுகிறார்கள், கொப்பியில் அதையும் பாருங்கள். தமிழில் ‘முடியாது’ ஒரு சொல், கேனொட்டும் ஒரு சொல் என்று சொல்லிக்கொடுங்கள், என் வகுப்பில் அப்படிச் சொன்னபிறகு யாரும் மறப்பதில்லை.

கேள்வி (நிலாவெளி தம்பி): புறாமலைத் தீவுக்குப் போட் ஓட்டுகிறேன். பவளப்பாறையை மிதிக்க வேண்டாம் என்று வெள்ளைக்காரருக்கு ஒரு போர்ட் எழுதக் கொடுத்தேன், பெயின்டர் டூவையும் நொட்டையும் ஒட்டிவிட்டார்.

பதில்: திருத்தச் சொல்லுங்கள் தம்பி. புறாமலை 2003இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே போகிறவர்கள் தண்ணீரில் இறங்குமுன் படிக்கிற போர்ட் பிழையில்லாமல் இருக்கட்டும். டூ நொட் இரண்டு சொல். டஸ், டிட், வில், இஸ், குட், ஷுட், மஸ்ட் எல்லாவற்றோடும் நொட் தனியாகத்தான் நிற்கும், ஒட்டுவது கேன் மட்டும். ‘டோன்ட்’ என்று சுருக்கினால் அது ஒரு சொல், ஆனால் மேலே போடுகிற அந்தச் சின்னக் குறி, அப்போஸ்ட்ரபி, ‘ஓ’ விழுந்த இடத்தில், அதாவது ‘என்’ (n) எழுத்துக்கும் ‘ரி’ (t) எழுத்துக்கும் நடுவில் வர வேண்டும். டூவுக்குப் பக்கத்தில் போட்ட போர்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனம் கேட்பதில்லை.

கேள்வி (மூதூர் மாணவி): வில் நொட் சுருங்கினால் ஏன் ‘வோன்ட்’, சேர்?

பதில்: முன்பு ‘வில்’லை ‘வொல்’ என்றும் சொன்னார்கள் தங்கச்சி. தனியாக வரும்போது வில் நிலைத்தது, சுருக்கத்தில் பழைய வொல் தங்கிவிட்டது.

கேள்வி (கிண்ணியா, ஆசிரியப் பயிற்சியில் இருப்பவர்): ‘கேன் நொட்’ பிரிந்தே வரும் இடம் உண்டா?

பதில்: உண்டு. ‘ஷி கேன் நொட் ஒன்லி ஸ்விம் பட் ஓல்சோ டைவ்.’ அவளுக்கு நீந்த மட்டுமல்ல, சுழியோடவும் தெரியும். இங்கே நொட் கேனுடையது அல்ல, பின்னால் வரும் ஒன்லிக்குச் சொந்தமானது, சேர்த்து எழுதினால் படிப்பவர் பாதி வசனத்தில் அவளுக்கு நீந்தத் தெரியாது என்று நினைத்துவிடுவார். பிள்ளைகளுக்கு இந்த இடத்தைக் கட்டாயம் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

கேள்வி (அதே உப்புவெளி அக்கா): அப்ப தமிழில் ‘வர இல்லை’ என்று பிரிக்கலாமா?

பதில்: வேண்டாம் அக்கா. வர, இல்லை இரண்டுக்கும் நடுவில் வகரம் வந்து ‘வரவில்லை’ என்று ஒன்றாகிவிடும், நாங்கள் பேசும்போதும் ‘வரேல்ல’ என்று ஒரே மூச்சில்தானே சொல்கிறோம். ‘வீட்டில் இல்லை’ வேறு, அதில் இல்லை தனியாகவே நிற்கும்.