பிரபலங்கள் கேட்கும் பொது மன்னிப்பை நம்பலாமா?

பிரபலங்கள் எதையாவது பேசி மாட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறார்களே, அதில் உண்மை இருக்கிறதா? அவர்களை ஒதுக்கச் சொல்லிக் கூச்சல் போடுகிறவர்கள் மட்டும் யோக்கியமா? இதுதான் கேள்வி. ஒரே ஒருவர் கதையை வைத்துப் பதில் சொல்கிறேன். அந்தக் கூச்சலில் என் குரலும் இருந்தது.

2005 செப்டம்பர். சேலத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பெருநகரங்களில் பாலுறவு பற்றி ஒரு வார இதழ் கருத்துக்கணிப்பு வெளியிட்டது. அதையொட்டி நடிகை குஷ்புவிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். படித்த ஆண் யாரும் மனைவி கன்னியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க மாட்டார், திருமணத்துக்கு முன் உறவு வைத்துக்கொண்டால் பெண்கள் கர்ப்பமும் நோயும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் அவர் சொல்லியிருந்தார். நாளிதழ்ச் செய்தியாக மாறியபோது அது தமிழ்ப் பெண்களின் கற்பைப் பழித்த பேச்சாகிவிட்டது. விளக்குமாறும் செருப்புமாக ஊர் ஊராகப் போராட்டம் நடந்தது. பா.ம.க.வும் விடுதலைச் சிறுத்தைகளும் முன்னால் நின்றன. ஆதரவாகப் பேசிய சுஹாசினியையும் விடவில்லை.

எங்கள் கல்லூரி வாசலிலும் கொடும்பாவி எரித்தோம். ஒரு பழைய சேலையில் வைக்கோலைத் திணித்து, முகத்துக்கு ஒரு சினிமாப் பத்திரிகை அட்டையைக் கிழித்து ஒட்டியிருந்தார்கள். அந்தப் பத்திரிகை விடுதி அறை ஒன்றில் சுவரில் ஒட்டி வைத்திருந்தது. யாருடைய அறை என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை. தீ வைத்துவிட்டு, கோஷம் போட்டுவிட்டு, பக்கத்து ஓட்டலுக்குச் சாப்பிடப் போனோம். அங்கே பலகையில் 'குஷ்பு இட்லி' என்று எழுதியிருந்தது. அதைத்தான் சாப்பிட்டோம்.

அவர் மன்னிப்புக் கேட்டார். அதோடு விட்டார்களா? மொத்தம் 23 வழக்குகள். அந்த நவம்பரில் மேட்டூர் நீதிமன்றத்துக்கு வந்தபோது அழுகிய முட்டையும் தக்காளியும் வீசினார்கள். 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்குகளை ரத்து செய்ய மறுத்தது. 2010 ஏப்ரல் 28 அன்றுதான் உச்ச நீதிமன்றம் மொத்தத்தையும் தூக்கிப் போட்டது. அந்தத் தீர்ப்பில் என்னைத் தொட்டது ஒரு சாதாரணச் சட்டக் குறிப்பு. அவதூறு வழக்கு என்றால், அந்தப் பேச்சால் பாதிக்கப்பட்ட ஆள் வந்து புகார் கொடுக்க வேண்டும். இங்கே வழக்குப் போட்டவர்களில் ஒருவர்கூட அப்படிப் பாதிக்கப்பட்டவர் இல்லை என்றது நீதிமன்றம். படித்ததும் வாசலில் எரித்த அந்தச் சேலைதான் நினைவுக்கு வந்தது. எனக்கு எங்கே வலித்தது? எங்கேயும் இல்லை. ஐந்து வருடம் ஒரு பெண்ணை நீதிமன்றப் படி ஏற வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கலவரத்துக்குச் சில வாரங்கள் முன்னால்தான் நடிகைகளை இழிவாகப் பேசியதற்காக இயக்குநர் தங்கர் பச்சானை நடிகர் சங்கத்துக்கு வரவழைத்து மன்னிப்புக் கேட்க வைத்திருந்தார்கள். அதை வலியுறுத்தியவர்களில் குஷ்பு முக்கியமானவர். அதைச் சொல்லியே 'இப்போது உன் முறை' என்றார்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தங்கர் பச்சான் பேச்சில் அவமானப்பட்ட பெண்கள் எதிரிலேயே இருந்தார்கள். குஷ்பு விஷயத்தில் அப்படி யாரும் இல்லை.

அப்புறம் 2023 நவம்பருக்கு வாருங்கள். 'லியோ' படத்தில் திரிஷாவோடு படுக்கையறைக் காட்சி இருக்கும் என்று எதிர்பார்த்ததாக மன்சூர் அலி கான் பேசினார். குஷ்பு, ரோஜா பெயர்களையும் இழுத்தார். குஷ்பு அப்போது தேசிய மகளிர் ஆணைய உறுப்பினர். நடிகர் சங்கம் கண்டித்தது, போலீஸ் வழக்குப் பதிந்தது. முதலில் மன்னிப்பே கேட்க மாட்டேன் என்றவர், காவல் நிலைய விசாரணைக்கு மறுநாள் திரிஷாவிடம் மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டார். திரிஷாவும் பெருந்தன்மையாக மன்னித்தார். சில நாளில் அதே மனிதர், தன்னைக் கண்டித்த திரிஷா, குஷ்பு, நடிகர் சிரஞ்சீவி மூவர் மீதும் ஒரு கோடி ரூபாய் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட உயர் நீதிமன்றம் போனார். மனு தள்ளுபடி ஆனது. அந்த மன்னிப்பு போலீசுக்குப் பயந்து கேட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதே வாரத்தில் எக்ஸ் தளத்தில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, உன்னைப் போல் சேரி மொழி பேச எனக்கு வராது என்று குஷ்பு எழுதினார். எதிர்ப்புக் கிளம்பியதும் பிரெஞ்சில் சேரி என்றால் அன்பானவர் என்று பொருள் என்றார், சென்னையின் வேளச்சேரி, செம்மஞ்சேரி என்ற ஊர்ப்பெயர்களைக் காட்டினார். மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று நின்றார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. எந்தக் குற்றமும் இல்லாத பேச்சுக்கு 2005இல் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தவர் அவர். இந்தமுறை நிஜமாகவே காயப்பட்டவர்கள் இருந்தார்கள், அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போன லட்சக்கணக்கான பேர். அவர்களுக்குப் பிரெஞ்சு அகராதி கிடைத்தது.

ஆனால் அவரை மட்டும் சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. அந்த வாரம் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன் போன் செய்தான். அவன் ஊரில் தெருவுக்குப் பெயர் காலனி, வெளியே இருப்பவர்களுக்குச் சேரி. "டேய், அன்னைக்கு அந்தம்மாவுக்குக் கொடும்பாவி கட்டுனியே, இப்ப எங்கடா போன? அன்னைக்கு உனக்கு என்னடா வலிச்சுது?" என்றான். திட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

நான் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டுப் போயிருந்தேன். அவனிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே வேறொன்று மேலே வந்தது. விடுதியில் யாராவது கெட்ட வார்த்தை பேசினால் 'சேரி மாதிரி பேசாதடா' என்பது எங்கள் வாயில் சாதாரணமாக வரும். என் வாயிலும் வந்திருக்கிறது, அவன் பக்கத்தில் இருக்கும்போதே.

"நானும் சொல்லியிருக்கேன்டா, உன் முன்னாடியே. மன்னிச்சுக்கடா" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மெஸ் வரிசையில நின்னுட்டு இருந்தோம். நீ பச்சைக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்த" என்றான்.