சொகுசு எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஐயா,

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சென்ற வாரம் சேற்றிலும் ஓடக்கூடிய சொகுசுக் காரான ரேஞ்ச் ரோவர் ஒன்றைப் பார்த்தேன். தார்ச் சாலையை விட்டு இறங்கவே போகாத வண்டிக்குக் கோடிக்கணக்கில் கொட்டுவது வெறும் பகட்டு அல்லவா? சொகுசும் சேறும் ஒன்றுக்கொன்று பகை என்றே நினைக்கிறேன். இதற்கிடையில் 1990-களின் ரேஞ்ச் ரோவர் ஒன்று எனக்கு விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

ச., மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள ச.,

காசுள்ளவர் எதில் கொட்டுகிறார் என்று கணக்குப் பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. பகட்டு என்று பழித்த அதே மூச்சில் அதையே விலை பேசும் உங்கள் காதைத்தான் திருக வேண்டும். இருந்தாலும், சொகுசும் சேறும் பகை என்ற அந்த ஒரு வரி, நான் சில காலமாக அசைபோட்டுக்கொண்டிருக்கும் விஷயத்தைத் தொட்டுவிட்டது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைக் கடந்த பிறகு, அரிசி மூட்டைகளோடு பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளுக்கு நண்பரின் பழைய ஜீப்பில் போனோம். இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய விறைத்த ஸ்பிரிங்குகள் அதில். வழியெல்லாம் முதுகெலும்பு நொறுங்கியது ஒரு பக்கம் இருக்க, விழுந்து கிடந்த முந்திரி மரத்தின் மேல் ஏறியதும் பின்சக்கரம் ஒன்று தரையைத் தொடாமல் அந்தரத்தில் வெறுமனே சுற்ற, மண்ணில் பதிந்திருந்த மற்றொன்று அசையாமல் நின்றது. எங்களை உலுக்கியதும் சிக்கவைத்ததும் அதே விறைப்புதான்.

இங்கிலாந்தின் சோலிஹல் ஊரில், ரோவர் நிறுவனப் பொறியாளர் ஸ்பென் கிங் கண்டுகொண்டதும் இதைத்தான். ரோவர் 2000 என்ற சாலைக் காரைப் புதர் நிலத்தில் ஓட்டிப் பார்த்தபோது, அதன் சுருள் ஸ்பிரிங்குகள் மேட்டில் ஒடுங்கியும் பள்ளத்தில் நீண்டும் சக்கரத்தைத் தரையிலேயே வைத்திருப்பதைக் கவனித்தார். 1970 ஜூனில் வெளிவந்த ரேஞ்ச் ரோவரில் நான்கு சக்கரங்களுக்கும் சுருள் ஸ்பிரிங், நான்கிலும் டிஸ்க் பிரேக், எந்நேரமும் நான்கு சக்கர இழுவை, 3.5 லிட்டர் அலுமினிய வி8 இன்ஜின் ஆகியவை இருந்தன. தோல் இருக்கையும் மர வேலைப்பாடும் பிற்காலத்து ஒப்பனை. அன்று இருந்தது வினைல் இருக்கையும், குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவக்கூடிய தரையும்தான். சக்கரம் மண்ணை விடாமல் பிடிப்பதற்காகச் செய்த வேலையே உட்கார்ந்திருப்பவரின் முதுகையும் காத்தது என்றால், பகை எங்கே இருக்கிறது? சேறு இல்லாவிட்டால் அந்தச் சொகுசே பிறந்திருக்காது.

1978 டிசம்பரில் தொடங்கி 1979 ஜனவரியில் முடிந்த முதல் பாரிஸ்–டக்கார் பாலைவனப் பந்தயத்தில் கார்களில் ரேஞ்ச் ரோவர் முதலாவதாக வந்ததும், முதல் வடிவம் 1996 வரை உற்பத்தியில் நீடித்ததும் இந்த அடிப்படையின் பலம்தான். நகரத்துக்குள் இத்தகைய வண்டிகளை ஓட்டுவோரை ஸ்பென் கிங்கே பிற்காலத்தில் கடிந்துகொண்டார் என்பது உங்கள் பக்கத்துக்கு ஒரு சாட்சி, வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கலாமா என்று கேட்டீர்கள் அல்லவா? முதல் வடிவ வண்டி என்றால், மேல்தகடு பெரும்பாலும் அலுமினியம் என்பதால் வெளியே பளபளக்கும். உள்கூடு எஃகு, நம் ஊர் உப்புக்காற்று அதைத்தான் தின்னும். 1992 முதல் சில மாதிரிகளில் சுருளுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர்ப் பைகள் வந்தன. இரவு நிறுத்திய வண்டி காலையில் தாழ்ந்து கிடந்தால் பை கசிகிறது என்று பொருள். ஆகவே வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் காசோலை எழுதப் போகாதீர்கள். காலையில் போய், பழைய லுங்கியோடு வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். விற்பவர் படுக்க விடவில்லை என்றால் பேரமே பேசாமல் திரும்பிவிடுங்கள்.