காரை விற்றவர் கையில் இன்னும் அதன் கேமரா

கேள்வி: நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு பழைய காரை வாங்கினேன். சுற்றிலும் கேமரா, உள்ளே கண்ணாடிக்கு மேல் ஒரு கேமரா, இணைய இணைப்பு எல்லாம் உள்ள வண்டி. போன வாரம் அதன் திரையில் எதையோ தேடும்போது, 'முதன்மைப் பயனர்' என்ற இடத்தில் விற்றவரின் பெயரும் அவருடைய போனும் இருப்பதைப் பார்த்தேன். அந்த ஆப்பில் வண்டி நிற்கும் இடமும் கேமரா காட்சியும் தெரியுமாம். நான் போனில் அழுதது, மகளைத் திட்டியது எல்லாம் அந்த வண்டிக்குள்தான். அவர் மேல் வழக்குப் போடலாமா? இதற்கிடையில், 'உங்கள் கார் எங்கள் வாசலைப் படம் பிடிக்கிறது' என்று பக்கத்து வீட்டுக்காரர் வேறு சண்டைக்கு வருகிறார்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, ஆத்திரத்தில் அந்தப் போனைத் திரையிலிருந்து இப்போதே நீக்கிவிடாதீர்கள். நீக்க வேண்டியதுதான், ஆனால் ஐந்து நிமிடம் கழித்து. இன்னொரு போனை எடுத்து அந்தத் திரையைப் படம் எடுங்கள். பயனர் பெயர், இணைக்கப்பட்ட போன், திரை மூலையில் ஓடும் தேதி, நேரம் எல்லாம் ஒரே படத்தில் தெளிவாக விழ வேண்டும். முன் கண்ணாடியின் ஓரத்தில் தெரியும் சேசிஸ் எண்ணையும் எடுங்கள். யார் எப்போது உள்ளே நுழைந்தார் என்ற பதிவு இருந்தால் அதையும் பக்கம் பக்கமாக எடுங்கள். ரீசெட் செய்தால் வண்டிக்குள் இருக்கும் தடயம் போய்விடும். பிறகு நீதிமன்றத்தில் 'பார்த்தேன்' என்று நீங்கள் சொல்வது மட்டும்தான் மிஞ்சும்.

விற்றவர் உங்களுக்கு முன்பின் தெரியாதவர் என்று எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அவர் உங்களை ஏற்கெனவே தொந்தரவு செய்தவராகவோ, நீங்கள் பயப்படுகிற ஆளாகவோ இருந்தால் விஷயம் வேறு. அவரை நீக்கிய உடனே அவருடைய ஆப்பில் வண்டி காணாமல் போகும், நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அப்படியானால் முதலில் காவல் துறையில் புகார் கொடுங்கள், அப்புறம் நீக்குங்கள்.

சரி, வழக்குக்கு வருவோம். கணக்கு அவர் பெயரில் கிடந்தது என்பது மட்டும் குற்றம் ஆகாது. காரை விற்பவர்களில் பலர் சாவியைக் கொடுத்துவிட்டு ஆப்பை மறந்துவிடுகிறார்கள். விற்ற பிறகும், உரிமை இல்லை என்று தெரிந்தே உள்ளே போய்ப் பார்த்தாரா என்பதுதான் கேள்வி. பார்த்திருந்தால் அது அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைந்த குற்றமாகலாம், ஏனென்றால் இன்றைய காரும், அதன் தகவலைச் சேமித்து வைக்கும் சர்வரும் கணினிதான். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆனால் இந்தியாவின் 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம், இலங்கையின் 2007ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டம், பிரிட்டனின் 1990ஆம் ஆண்டு கணினி முறைகேட்டுச் சட்டம் என்று பெரும்பாலான நாடுகளில் இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. அவர் பார்த்தாரா என்பதை நிரூபிக்கும் பதிவு உங்களிடம் இல்லை, அவரிடமும் இருக்காது. அது இருக்கக்கூடிய இடம் கார் நிறுவனத்தின் சர்வர்.

அதனால் முதல் கடிதம் நிறுவனத்துக்கு. இன்றே எழுதுங்கள். வண்டி வாங்கிய பத்திரத்தின் நகல், பதிவுச் சான்றின் நகல் இரண்டையும் இணைத்து மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: வாங்கிய தேதியிலிருந்து இந்த வண்டியை ஆப் வழியாக யார் எப்போது அணுகினார்கள், என்னென்ன படமும் இடத் தகவலும் சேமிக்கப்பட்டுள்ளன, வழக்கு முடியும்வரை அந்தப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். 'கணக்கு உங்கள் பெயரில் இல்லையே' என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் காப்பது கணக்கு வைத்திருப்பவரை அல்ல, எவரைப் பற்றிய தகவலோ அவரை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடப்பில் உள்ள விதிப்படி இப்படிக் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மற்ற நாடுகளில் கெடு மாறும்.

நீங்கள் அழுததை அவர் பார்த்திருப்பாரோ என்பதுதான் உங்கள் மனதைக் குடைகிறது என்று தெரிகிறது. பல வண்டிகளில் உள் கேமரா ஓட்டுநரின் கண் சொருகுகிறதா, கவனம் சிதறுகிறதா என்று பார்ப்பதோடு சரி, காட்சி வண்டியை விட்டு வெளியே போகாது. களைப்பைக் கண்டறியும் கருவி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம். ஆனால் அது தொடர்ந்து பதிவு செய்யக் கூடாது, எடுத்த தரவை வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. வேறு சில வண்டிகளிலோ ஆப்பிலிருந்தே உள்ளே எட்டிப் பார்க்கலாம். உங்கள் வண்டி எந்த வகை என்பதைக் கையேட்டில் பாருங்கள். தெரியும்வரை அந்த லென்ஸ் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினாலும் தப்பில்லை, ஓட்டுநர் உதவி வசதி அந்தக் கேமராவை நம்பி இயங்கவில்லை என்றால்.

விற்றவர் ஒருவரை மட்டும் நினைத்து மற்றவர்களை விட்டுவிடாதீர்கள். டெஸ்லா ஊழியர்கள் சிலர் வாடிக்கையாளர்களின் கார் கேமராக்களில் பதிவான அந்தரங்கக் காட்சிகளை 2019 முதல் 2022 வரை தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள் என்று முன்னாள் ஊழியர்கள் சொன்னதை 2023 ஏப்ரலில் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. அதில் ஒன்று, ஆடையில்லாமல் காரை நோக்கி வந்த ஒரு மனிதரின் காட்சி. அந்தப் பதிவுகள் யாருடையவை என்று தெரியாது என்றுதான் நிறுவனம் வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருந்தது. ஆகவே புதுக் கணக்குத் தொடங்கும்போது 'கேமரா தரவைப் பகிரச் சம்மதம்' என்ற கட்டத்தை நிதானமாகப் படியுங்கள். வேண்டாம் என்று அணைத்துவைக்க வழி இருந்தால் அணைத்துவையுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தில் நான் அவர் பக்கம்தான் கொஞ்சம் சாய்கிறேன். நான்கு மாதமாக உங்களுக்கு நேர்ந்ததாக நீங்கள் பயப்படுவதுதான் அவருக்கும் பயம். வீட்டுக் கேமரா பொதுத் தெருவையும் பிடித்தால் அது தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரும் 'சொந்த வீட்டு உபயோகம்' என்ற விலக்குக்குள் வராது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 டிசம்பரிலேயே ஒரு செக் நாட்டு வழக்கில் சொல்லிவிட்டது. உடைமையைக் காக்க ஒருவருக்கு நியாயமான தேவை இருக்கலாம் என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றது. காருக்கும் இதே நியாயம்தான். நெதர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் நிறுத்திய டெஸ்லா காரின் காவல் கேமராக்களை விசாரித்து, 2023 பிப்ரவரியில் முடிவு சொன்னது: அந்தப் படங்களுக்குச் சட்டப்படி பொறுப்பு காரின் உரிமையாளர்தான், தயாரித்த நிறுவனம் அல்ல. விசாரணைக்குப் பிறகு அந்த நிறுவனம், யாராவது காரைத் தொட்டால் மட்டும் பதிவாகும்படியும், கடைசி 10 நிமிடம் மட்டும் தங்கும்படியும் அமைப்பை மாற்றியது.

உங்கள் வண்டியிலும் இப்படி ஒரு அமைப்பு இருக்கிறதா பாருங்கள். வீட்டு வாசலில் நிறுத்தும்போது மட்டும் காவல் கேமராவை அணைக்கும் வசதி பல வண்டிகளில் உண்டு. அதை அணைத்துவிட்டு, அவரை அழைத்துத் திரையிலேயே காட்டுங்கள். அவர் வாசல் பதிவான பழைய காட்சி ஏதாவது இருந்தால் அவர் எதிரிலேயே அழியுங்கள். விற்றவருக்கு எதிரான சாட்சியப் படங்களோடு இது கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் பதில் கெடுவுக்குள் வராவிட்டால் உங்கள் நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பதில் வந்து, விற்றவர் இந்த நான்கு மாதத்தில் உள்ளே நுழைந்தது தெரிந்தால் அந்தத் தாள்களோடு காவல் நிலையத்துக்குப் போங்கள், கூடவே அவருக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ். ஒரு முறைகூட நுழையவில்லை என்று தெரிந்தால் வழக்கு வேண்டாம் என்பேன். கணக்கைத் தன் பக்கமும் மூடிவிட்டதாக அவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.