இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராட் தவிர பட்டினியில் வாடிய சோவியத் நகரம் வேறு ஏதாவது உண்டா?

உண்டு, ஆர்க்காங்கெல்ஸ்க். நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன், நம் புத்தகங்களில் லெனின்கிராட், ஸ்டாலின்கிராட் இரண்டோடு ரஷ்யாவின் போர் முடிந்துவிடும். நான் மருத்துவம் படித்தது ஆர்க்காங்கெல்ஸ்கில்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வெள்ளைக் கடலுக்குப் பக்கத்தில், வடக்கு திவினா ஆற்றங்கரையில் இருக்கும் துறைமுகம் அது. ஜெர்மன் படை அந்த ஊருக்குள் கால் வைக்கவே இல்லை. 1942 ஆகஸ்டில் விமானத்தில் வந்து தீக்குண்டு போட்டார்கள், மர வீடுகள் நிறைந்த ஊர், நிறைய எரிந்தது. ஆனால் முற்றுகை கிடையாது. அப்புறம் எப்படிப் பட்டினி?

1941 ஆகஸ்ட் 31 அன்று நேச நாடுகளின் முதல் கப்பல் அணி, டெர்விஷ் என்று பெயர், வந்து சேர்ந்தது இங்கேதான். அடுத்த ஆண்டு பிக்யூ-17 அணியில் கிளம்பிய 35 சரக்குக் கப்பல்களில் 24 வழியிலேயே மூழ்க, தப்பியவை கரை சேர்ந்ததும் இந்தப் பக்கம்தான். விமானம், டாங்கி, வெடிமருந்து, உணவு என்று வந்து இறங்கியதெல்லாம் ரயிலேறிப் போய்விட்டது. இறக்கியவர்களுக்கு ரேஷன் ரொட்டி மட்டும். குளிர்காலத்தில் பசியிலும் நோயிலும் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள்.

நான் வாடகைக்கு இருந்த வீட்டுப் பாட்டி அப்போது சின்னப் பெண். ஆண்களெல்லாம் போர்முனையில், அவருடைய அம்மா துறைமுகத்தில் மாவு மூட்டை இறக்கினாராம். நாள் முழுக்க மாவு சுமந்துவிட்டு வீட்டுக்கு வெறுங்கையோடு வருவார், ஒரு பிடி எடுத்து மாட்டிக்கொண்டாலும் சிறை. பிள்ளைகளைக் காப்பாற்றியது சீல் (கடல்நாய்) கறியும் அதன் கொழுப்பும்தான் என்பார் பாட்டி. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வராமல் இருக்கப் பைன் இலை ஊறவைத்த கசப்புத் தண்ணீர் வேறு. அந்தக் கொழுப்பின் வாடையைச் சொல்லும்போது முகம் சுளிப்பார், ஆனால் வேறு யாரும் அதைக் குறை சொன்னால் விடமாட்டார். ஆற்றங்கரைச் சாலையில் 2010-ல் சீலுக்கு ஒரு சிலையே வைத்திருக்கிறார்கள். சீல் வேட்டை கொடுமை என்று இங்கே சண்டைக்கு வராதீர்கள், பசித்த பிள்ளைகளை வைத்திருந்தவர்கள் வேறு என்ன செய்திருப்பார்கள்? இன்றைய ரஷ்யா நடத்தும் போருக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை.

வடக்கில் இருக்கும் இன்னொரு துறைமுகமான முர்மான்ஸ்க் இல்லையா என்று சிலர் கேட்பீர்கள். ஆர்க்காங்கெல்ஸ்கைவிட அதிகம் குண்டு வாங்கியது அதுதான், ஒத்துக்கொள்கிறேன். 1985-லேயே அதற்கு வீர நகரம் பட்டம் கிடைத்தது. ஆர்க்காங்கெல்ஸ்குக்கு 2009-ல்தான், அதுவும் அதற்கு அடுத்த நிலையில் உள்ள ராணுவப் புகழ் நகரம் என்ற பட்டம். எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே மருத்துவக் கல்லூரி 1932-ல் தொடங்கியது, போர் நடந்த ஆண்டுகளிலும் மருத்துவர்களை உருவாக்கிக்கொண்டேதான் இருந்தது. இங்கே என்னவென்றால், ரஷ்யா என்று சொன்னதும் "காசு கொடுத்து வாங்கிய டாக்டர்" என்கிறார்கள் சொந்தக்காரர்களே. வெளிநாட்டில் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வில் தேறித்தான் பதிவு வாங்கினேன். அப்படியும் ஒரு தனியார் மருத்துவமனை நேர்காணலில் என் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார்கள்.