கட்டப் பணமில்லை என்றால் சிறையா?

அமெரிக்காவில் புரொபேஷனில், அதாவது சிறைக்குப் பதிலாக நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் வெளியே, இருப்பவர்கள் நீதிமன்றம் விதித்த கட்டணத்தையும் இழப்பீட்டையும் கட்ட முடியாமல் போனால் என்ன ஆகும்? அங்கே நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

பணம் கட்டாததற்காகச் சிறைக்கு அனுப்ப முடியுமா?

எடுத்த எடுப்பில் முடியாது. 1983-ல் 'பேர்டன் எதிர் ஜார்ஜியா' வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பேர்டனுக்கு 500 டாலர் அபராதம், 250 டாலர் இழப்பீடு. பெற்றோர் கடன் வாங்கிக் கொடுத்ததில் முதல் 200 டாலரைக் கட்டினார். அடுத்த மாதமே வேலை போனது. படிக்கத் தெரியாதவர், தேடியும் வேறு வேலை கிடைக்கவில்லை. மீதி வராததால் உள்ளே தள்ளினார்கள். அது தவறு என்றது உச்ச நீதிமன்றம். ஏன் கட்டவில்லை என்று நீதிபதி விசாரித்தாக வேண்டும். வசதி இருந்தும் கட்டாதவருக்குச் சிறை சரி. உண்மையாக முயன்றும் முடியாதவருக்கு அவகாசம், தொகைக் குறைப்பு, சமூக சேவை என வேறு வழி பார்க்க வேண்டும். அவை போதாது என்றால்தான் சிறை.

நான் புதிதாகச் சேர்ந்த அலுவலர். ஒருவர் மூன்று மாதமாகக் கட்டவில்லை. நிபந்தனையை மீறிவிட்டார் என்று நீதிமன்றத்துக்கு மீறல் அறிக்கை எழுதவா, சார்?

முதலில் அவரை உட்காரவைத்துப் பேசுங்கள், தம்பி. வாடகை எவ்வளவு, பிள்ளைகள் எத்தனை பேர், வேலைக்கு எப்படிப் போகிறார், எல்லாம் கேளுங்கள். சம்பளச் சீட்டு, வேலை தேடிய விவரம், ஆட்குறைப்புக் கடிதம் எல்லாவற்றையும் கோப்பில் சேருங்கள். தவணையைக் குறைக்கச் சொல்லி இப்போதே மனு போட வையுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. கையில் காசில்லாதவர் பயந்துபோய் உங்களைப் பார்க்கவே வரமாட்டார். வராதது தனி மீறல். அதற்கு வாரண்ட் பாயும். கட்ட முடியாமை மன்னிக்கப்படலாம், தலைமறைவு மன்னிக்கப்படுவது கடினம். "ஒரு டாலர்கூட இல்லையென்றாலும் வந்துவிடு" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நல்லபடியாக முடித்திருக்க வேண்டிய பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

என் கடையில் திருடியவன் மாதம் 20 டாலர்தான் தருகிறான். இது நியாயமா?

உங்கள் கோபம் நியாயமானது. இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டிய பணம். அதை மற்ற கட்டணங்களோடு சேர்த்துப் பார்க்கவே கூடாது. ஆனால் அவரைச் சிறையில் போட்டால் அந்த 20 டாலரும் நின்றுவிடும். நான் எதிர்ப்பது மேற்பார்வைக் கட்டணத்தை, அதாவது கண்காணிப்பதற்காக அவரிடமே வசூலிக்கும் பணத்தை. ஏழையின் கையிலிருக்கும் கொஞ்சத்தை அலுவலகம் பிடுங்கினால் உங்களுக்கு என்ன மிஞ்சும்? கலிஃபோர்னியா 2021 ஜூலையில் அந்தக் கட்டணத்தை ஒழித்தது. இழப்பீடு அப்படியே இருக்கிறது. அதுதான் சரியான வழி.

திவால் மனு போட்டால் இழப்பீட்டுக் கடன் தீருமா?

தீராது. 1986-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஊனமுற்றோர் உதவித்தொகை மட்டும்தான் வருமானம். அதிலிருந்து கட்டச் சொல்லலாமா?

கூடாது என்று வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2016-ல் தீர்ப்பளித்தது. அந்தத் தொகைக்கு மத்திய சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. மற்ற மாநிலங்களிலும் வழக்கறிஞர் இதே வாதத்தை வைக்கலாம். உதவித்தொகைக் கடிதத்தை அடுத்த வாய்தாவுக்கே எடுத்துப் போகச் சொல்லுங்கள்.