மலைக்கு ட்ரோன் கொண்டு போக எந்தப் பை? கேள்வியும் பதிலும்

சூரியநெல்லி, மறையூர், போடி, குமுளிப் பக்கத்து நண்பர்கள் பலர் ட்ரோன் வாங்கிய கையோடு அதற்கு என்ன பை வாங்குவது என்று கேட்கிறார்கள். இந்த எல்லை மலைகளில் பல வருடங்களாக ட்ரோனைச் சுமந்து நடப்பவன் என்ற முறையில், தெரிந்ததைச் சொல்கிறேன்.

மூணாறிலிருந்து: அண்ணா, ட்ரோனுக்கென்றே விற்கிற பையை வாங்கலாமா, சாதாரண ட்ரெக்கிங் பை போதுமா?

நடக்கிற ஆளாக இருந்தால் ட்ரெக்கிங் பைதான் தம்பி. எடைக் கணக்கைப் பார்த்தாலே புரியும். டிஜேஐ மினி 4 ப்ரோ என்ற சின்ன ட்ரோன் 249 கிராம். திரை வைத்த ரிமோட் ஏறக்குறைய 420 கிராம். இரண்டு உபரி பேட்டரி, சார்ஜர், கேபிள் எல்லாம் சேர்த்தாலும் ஒன்றேகால் கிலோவைத் தாண்டாது. ஏர் 3 போன்ற பெரிய ட்ரோன் என்றால் எல்லாம் சேர்த்து இரண்டு கிலோ வரும். ஆனால் ஒரு நாள் நடைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். அதுவே இரண்டு கிலோ. சாப்பாடு, மழைக்கோட்டு, ஸ்வெட்டர், டார்ச் எல்லாம் அதற்கு மேலே. பையில் கனமானது ட்ரோன் இல்லை, மற்ற சாமான்கள்தான்.

ட்ரோனுக்கென்று வரும் பைகளில் பெரும்பாலும் உள்ளே முழுக்க ஸ்பாஞ்ச் தடுப்பு. அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்வெட்டரையும் சோற்றுப் பொட்டலத்தையும் எங்கே வைப்பது? இடுப்புப் பட்டையும் பேருக்கு ஒரு மெல்லிய நாடாவாக இருக்கும், பாரத்தைத் தாங்காது. காரை விட்டு இறங்கி வியூ பாயின்ட்டில் நின்று பறக்கவிடுகிறவருக்கு அது சரி. ரோடோ வேலியிலிருந்து மீசைப்புலிமலை ஏறுகிறவருக்கு ஆகாது.

நான் சொல்வது இதுதான்: நல்ல ட்ரெக்கிங் பை ஒன்று, அதற்குள் ட்ரோனும் ரிமோட்டும் மட்டும் அடங்குகிற, மெத்தை வைத்த சின்ன உறை ஒன்று. கேமரா கடைகளில் தனியாகவே விற்கிறார்கள். ட்ரோன் இல்லாத நாளில் உறையை எடுத்துவிட்டால் அதே பை எல்லாவற்றுக்கும் உதவும்.

போடியிலிருந்து: எத்தனை லிட்டர் பை வாங்க வேண்டும்?

போய்விட்டு அன்றே திரும்புவதென்றால் 25 முதல் 30 லிட்டர். ஓர் இரவு கூடாரத்தில் தங்குவதென்றால் 40க்கு மேல். பெரிதாக வாங்கி வைத்துக்கொண்டால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். இடம் இருந்தால் கண்டதையும் நிரப்புவோம், அரைகுறையாக நிரப்பினாலோ உள்ளே உருளும்.

மறையூரிலிருந்து ஓர் ஆசிரியை: நான் ஐந்தடிக்கும் குறைவு. எந்தப் பை போட்டாலும் தோள் கழன்று போகிறது. எனக்கு ஏற்ற பை இருக்கிறதா?

இருக்கிறது டீச்சர். நீங்கள் பார்க்க வேண்டிய அளவு உயரமில்லை, முதுகின் நீளம். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு துருத்தும். அங்கிருந்து, இடுப்பெலும்பின் மேல் விளிம்பு இருக்கும் மட்டம் வரை நேராக டேப் வைத்து யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். நல்ல பைகளில் இந்த அளவைச் சென்டிமீட்டரிலோ, எஸ், எம், எல் என்றோ போட்டிருப்பார்கள். சிலவற்றில் தோள்வாரையே மேலே கீழே நகர்த்திப் பொருத்தலாம். பெண்களுக்கென்று வரும் பைகளில் முதுகு நீளம் குறைவாகவும், தோள்வார் நெஞ்சை அழுத்தாதபடி வளைந்தும் இருக்கும். அவற்றை முதலில் போட்டுப் பாருங்கள்.

மாட்டும்போது ஒரு முறை இருக்கிறது. எல்லா வாரையும் தளர்த்திவிட்டுப் பையைப் போடுங்கள். முதலில் இடுப்புப் பட்டை. அது வயிற்றில் இல்லை, இடுப்பெலும்பின் மேலே உட்கார வேண்டும். அதை இறுக்கிய பிறகுதான் தோள்வார், கடைசியில் நெஞ்சுப் பட்டை. சரியாக மாட்டினால் பாரத்தின் பெரும்பகுதி இடுப்புக்கு இறங்கிவிடும். தோளுக்கும் வாருக்கும் நடுவே விரலை நுழைக்க முடியும். அப்படி இறங்காவிட்டால் அந்தப் பை எவ்வளவு விலையானாலும் உங்களுக்கானது இல்லை. தோள் வலிக்கிறதே என்று பழக்கத்தைக் குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் பைதான் பொருந்தவில்லை.

சூரியநெல்லியிலிருந்து: பை எந்தப் பக்கம் திறக்க வேண்டும்? மேலே திறக்கிற பை என்றால் ட்ரோனை எடுக்க எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டியிருக்கிறது.

முதுகுப் பக்கம் திறக்கிற பை கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். இடுப்புப் பட்டையை மட்டும் அவிழ்க்காமல் தோள்வாரைக் கழற்றிப் பையை முன்பக்கம் திருப்பினால், தரையில் வைக்காமலேயே திறந்து ட்ரோனை எடுக்கலாம். ஈரப் புல்லும் அட்டையும் நிறைந்த நம் சோலைப் பாதைகளில் இது எவ்வளவு பெரிய வசதி என்று ஒரு மழைக்காலம் நடந்தவருக்குத் தெரியும். கீழே வைத்தாலும், தோள்வார் மேலே பார்த்தபடி இருப்பதால் சேறு உங்கள் சட்டைக்கு வராது.

பக்கவாட்டு ஜிப் அடுத்த சிறந்தது. மேலே மட்டும் திறக்கிற பைதான் கையில் இருக்கிறது என்றால், உடுப்பை அடியிலும் ட்ரோன் உறையை மேலேயும், முதுகை ஒட்டியபடி வையுங்கள்.

வட்டவடையிலிருந்து: ரெயின் கவர் இருந்தால் மழைக்குப் போதாதா?

போதாது. ரெயின் கவர் வெளிப்பக்கத்தை மட்டும்தான் மூடும். கழுத்து வழியாக இறங்குகிற தண்ணீர் முதுகுப் பக்கமாக உள்ளே போகும். காற்று அடித்தால் கவரே தூக்கிக்கொள்ளும். 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று போட்ட துணி தூறலைத் தாங்கும். ஜூன், ஜூலை மழையில் நனையத்தான் செய்யும், அதிலும் தண்ணீர் ஜிப் தையல் வழியாகத்தான் முதலில் வரும். ஆகவே கவரும் இருக்கட்டும். ட்ரோன் உறையை, வாயைச் சுருட்டி மூடுகிற நீர்புகாப் பைக்குள் போட்டு அப்புறம் உள்ளே வையுங்கள். தண்ணீர்ப் பாட்டில் வெளிப் பக்கவாட்டுப் பையில்தான் இருக்க வேண்டும், ட்ரோனோடு ஒரே அறையில் வேண்டவே வேண்டாம்.

மழையைவிட நான் அதிகம் பயப்படுவது, குளிர்ந்த பொருளின் மேல் படிகிற வியர்ப்பு நீருக்கு. செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கம் ஜனவரியில் உறைபனி விழுகிற காலையில் பறக்கவிட்டுவிட்டு, குளிர்ந்த ட்ரோனை நேராக அடுப்பு எரிகிற அறைக்குள் கொண்டுவந்து திறந்தால் லென்ஸிலும் உள்ளேயும் நீர் கோத்துக்கொள்ளும். உறையை மூடியபடியே ஒரு மணி நேரமாவது வைத்துவிட்டு அப்புறம் திறங்கள். ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு உள்ளே கிடக்கட்டும். அந்தக் குளிரில் பேட்டரியின் திறனும் குறையும். பையில் வைக்காமல் ஸ்வெட்டரின் உள்பையில் வைத்து, பறக்கவிடும் நேரத்தில் மாட்டுங்கள்.

தேனியிலிருந்து: கொழுக்குமலைக்கு ஜீப்பில்தான் போகிறோம். அந்தக் குலுக்கலுக்குக் கெட்டிப் பெட்டி வாங்கிவிடலாமா?

ஜீப்போடு நின்றுவிடுவதென்றால் வாங்கலாம். நடக்க அது தொல்லை. அந்தக் கல்பாதையில் அடிவாங்குவது கேமராவைத் தாங்கும் கிம்பல்தான். அதன் கவ்வியைக் கட்டாயம் மாட்டுங்கள், இறக்கைகளை மடக்கிப் பட்டை போடுங்கள், பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஜீப்பின் மேல் கேரியரில் கட்டக் கூடாது, காலடியில் போடவும் கூடாது. ரிமோட்டின் குச்சிகளைக் கழற்றி அதற்குரிய பள்ளத்தில் வைத்துவிடுங்கள். பையின் அழுத்தத்தில் முதலில் உடைவது அவைதான்.

கம்பத்திலிருந்து: பேட்டரியைப் பையில் எப்படி வைப்பது? அடுத்த மாதம் மதுரையிலிருந்து விமானத்திலும் போக வேண்டும்.

பேட்டரியின் முனைகள் சாவி, சில்லறைக் காசு எதிலும் உரசக் கூடாது. சார்ஜிங் ஹப்பில் செருகியோ, தனித்தனி உறையிலோ வையுங்கள். உப்பிய பேட்டரியைப் பையில் ஏற்றவே ஏற்றாதீர்கள். கம்பத்து வெயிலில் பூட்டிய காருக்குள் பையை விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம்.

விமானத்தில் உபரி பேட்டரி கைப்பையில் மட்டும்தான், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட் அவர் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்ற அளவு) வரை சிக்கல் இல்லை. மினி 4 ப்ரோவின் வழக்கமான பேட்டரி 19 வாட் அவர்கூட இல்லை. 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். எத்தனை எடுத்துப்போகலாம் என்பதை டிக்கெட் போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

குமுளியிலிருந்து: பையில் ட்ரோன் இருந்தால் வனத்துறைச் சோதனைச் சாவடியில் பிரச்சினை வருமா?

இதைக் கேட்டதற்கு நன்றி. பையைவிட முக்கியமானது இது. இரவிகுளம், மதிகெட்டான் சோலை, பாம்பாடும் சோலை, சின்னார், பெரியார், இந்தப் பக்கம் மேகமலை எல்லாமே தேசியப் பூங்காவோ சரணாலயமோ புலிகள் காப்பகமோதான். அனுமதி இல்லாமல் அங்கே ட்ரோன் பறக்கவிடக் கூடாது. வரையாடு குட்டி போடுகிற காலத்தில் இரவிகுளத்தில் ஆளையே விடுவதில்லை. அங்கே தலைக்கு மேல் இரைச்சலோடு ஒன்று பறந்தால் குட்டியோடு நிற்கிற ஆடு பாறையில் எந்தப் பக்கம் ஓடும் என்று யோசியுங்கள். 250 கிராமுக்கு உட்பட்ட நானோ ட்ரோனுக்கு 2021 விதிகளின்படி பைலட் சான்றிதழ் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அது காட்டுக்கான அனுமதிச் சீட்டு இல்லை. முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்திலும் 400 அடிதான் உச்சம். எங்கே பறக்கவிடலாம் என்று காட்டுகிற, மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைக் கிளம்பும் முன்பே பாருங்கள். அனுமதி வாங்கியிருந்தால் அதன் நகலை நீர் புகாத உறையில் போட்டுப் பையின் மேல் அறையில் வையுங்கள், கேட்டவுடன் எடுத்துக் காட்டலாம்.

சாந்தன்பாறையிலிருந்து: அண்ணே, என்னிடம் காசு அதிகம் இல்லை. கல்லூரிப் பைதான் இருக்கிறது.

மினி ட்ரோன் என்றால் அதுவே போதும் தம்பி. தையல்காரரிடம் கொடுத்து நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டையும் பக்கிளும் வைத்துக்கொள்ளுங்கள். யோகா பாயில் மீந்த துண்டை வெட்டி ட்ரோன் அளவுக்கு உறை தைக்கலாம். மெத்தைக் கடை ஸ்பாஞ்ச் வேண்டாம், நாலு நடையில் அமுங்கிவிடும். கொஞ்சம் கெட்டியான ஃபோம்தான் அடி தாங்கும். உள்ளே ஒரு கனமான பாலிதீன் பை. மிச்சக் காசில் நல்ல காலணி வாங்குங்கள். ட்ரோனோடு வழுக்கி விழாமல் இருக்க அதுதான் முதலில் வேண்டும்.

அடிமாலியிலிருந்து: கடையில் நிற்கும்போது பை நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டிலிருந்தே ட்ரோன் உறையையும் நிரப்பிய இரண்டு தண்ணீர்ப் பாட்டில்களையும் கொண்டு போங்கள். பையில் போட்டு மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே கால்மணி நேரம் நடங்கள், மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குங்கள். குனிந்து ஷூ கட்டுங்கள். பை தலையில் வந்து இடிக்கக் கூடாது. எல்லா ஜிப்பையும் ஒரே கையால் இழுத்துப் பாருங்கள், வளைவில் சிக்கினால் வேண்டாம். தோள்வார் பையோடு சேருகிற இடத்தில் குறுக்கும் நெடுக்கும் இரட்டைத் தையல் இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் பிய்வது அங்கேதான். நிறம் மட்டும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டும். பச்சைப் பையைத் தேயிலைக்காட்டில் ஓரமாக வைத்துவிட்டு ட்ரோனைப் பார்த்தபடி பத்தடி நகர்ந்தாலே, திரும்பித் தேட வேண்டியிருக்கும்.